பேயோட்டியும் உளவைத்தியரும்: சான்று பற்றியதொரு வரலாற்று நோக்கு

கண்டி நகரின் எசல பெரஹராவிலே வெள்ளி அணிகளும் முடியும் பூண்டு ஆடிவரும் 'வெஸ்' நடனக் கலைஞரைக் கண்டறியாதார் நம்மிடையே மிகச் சிலரே. உல்லாசப் பிரயாணிக்கு அது கண்ணுக்கினிய கலை. அரசாங்க விழாக்களுக்கு அது தேசியச் சின்னம். ஆயினும் அந்நடனம் பிறந்த இடம் அரங்கமன்று. நோயும் பீடையும் நீங்கவேண்டி மலைநாட்டுச் சிங்கள மக்கள் நிகழ்த்திவந்த 'கொஹொம்பா கங்காரிய' என்னும் சடங்கே அதன் தாயகம்.

அச்சடங்கின் தோற்றம் பற்றி வழங்கும் கதை கருத்தூன்றத்தக்கது. விஜயன் குவேனிக்கு அளித்த வாக்கை மீறி அவளைக் கைவிட்டான். அவ்வஞ்சனையின் பயன், அவனுக்குப் பின் அரியணை ஏறிய பண்டுவாசுதேவனை நோயாக வந்து பற்றியது. கடல் கடந்து வரவழைக்கப்பட்ட மலய மன்னன் சடங்கு நிகழ்த்தி அந்நோயைத் தீர்த்தான்.

இக்கதையிலே இரு கூற்றுகள் ஒன்றோடொன்று பிணைந்து கிடக்கின்றன. சடங்கு செய்தபின் நோய் நீங்கியது என்பது ஒன்று. நோய்க்குக் காரணம் சாபமே என்பது மற்றொன்று. முதலாவது மெய்யென்றே கொள்வோம். அதனால் இரண்டாவதும் மெய்யாகிவிடுமா? நோய் தீர்ந்தமை, நோய் தீர்த்தவன் கூறும் காரணத்துக்குச் சான்றாகுமா? இவ்வினாவே நமது ஆராய்ச்சியின் பொருள்.

இது பழங்கதை பற்றிய வீண் விசாரமன்று. பரீட்சையில் தோற்றுச் சோர்ந்த மாணவனையும், தாய் வெளிநாட்டுக்கு வேலைக்குச் சென்றதனால் தனித்துவிட்ட சிறுமியையும் தேற்றும் பொறுப்பு இன்று ஆசிரியர் தலைமேல் வந்து விழுகிறது. உளவளத்துணை, தியானப் பயிற்சி, மூளைப் பயிற்சி என்று பல பெயர்களிலே சிகிச்சைகள் விளம்பரமாகின்றன. கோடாங்கியின் தட்டிலே நேற்று விழுந்த தொழிலாளியின் நாட்கூலி, நாளை வேறொருவரின் மேசைமீது விழக்கூடும். எதை நம்புவது, எச்சான்றின்மேல் நம்புவது என்பது நமக்கு வாழ்க்கைப் பிரச்சினையாகும்.

* * *

1660 முதல் 1679 வரை கண்டி இராச்சியத்திலே கைதியாக வாழ்ந்த ஆங்கிலேயர் றொபேட் நொக்ஸ், 1681 இல் வெளியிட்ட தமது நூலிலே பேய் பிடித்தோரைப் பலமுறை நேரிற் கண்டதாக எழுதியுள்ளார். அலறிக்கொண்டு காட்டுக்குள் ஓடியோரையும், உடல் நடுங்க நின்றோரையும் அவர் கண்டார். வேற்று நாட்டவர், வேற்று மதத்தவர்; உள்ளூர்த் தெய்வங்களிலே அவருக்குப் பக்தி இல்லை. எனினும் அது பேயின் செயலே என்பதில் அவருக்கு ஐயம் எழவில்லை. அவர் கண்டது பொய்யன்று. கண்டதற்குக் கூறிய காரணமே சோதிக்கப்படாதது. கண்ணாற் கண்டது என்னும் சான்று எத்துணை வலியது, எத்துணை மெலியது என்பதற்கு இதனினும் நல்ல உதாரணம் வேண்டுவதில்லை.

1815 இல் கண்டி இராச்சியம் வீழ்ந்தது. பின்னர் கோப்பித் தோட்டங்கள் தோன்றின. 1867 இல் கண்டிக்கு அண்மையிலுள்ள லூல்கந்துரையில் ஜேம்ஸ் டெய்லர் தேயிலை பயிரிடத் தொடங்கினார். தென்னிந்தியாவிலிருந்து வந்த தமிழ்த் தொழிலாளர் தம் சிறு தெய்வங்களையும் உடுக்கையும் கோடாங்கியையும் கூடவே கொண்டுவந்தனர். லயத்து அறையிலே ஒருத்தி தலைவிரித்தாடினால், அவள் சார்பிற் பேசுவதற்குப் பேயையன்றி வேறு யார் இருந்தனர்? கணவனின் அடியையும் கங்காணியின் ஏச்சையும் தன் வாயாற் கூறமுடியாதவள், பேயின் வாயாற் கூறினாள். ஊர் கூடியது, உடுக்கு ஒலித்தது, அவள் சொல்லைச் சில நாழிகையேனும் எல்லாரும் கேட்டனர். சிலருக்குக் குணமும் ஏற்பட்டது. இவர்களை அறிவிலிகள் என்று ஏசுதல் எளிது. எந்நிலைமையிலே, எக்குறையை நிரப்பக் கோடாங்கி வந்தான் என்று கேட்பதே வரலாற்று நோக்காகும்.

* * *

சிகிச்சையின் பயனையும் அதற்குக் கூறப்படும் காரணத்தையும் வேறு பிரித்துச் சோதிக்கும் வழி எப்போது கண்டறியப்பட்டது? 1784 ஆம் ஆண்டிலே பாரிஸ் மாநகரில் நிகழ்ந்த ஒரு விசாரணை இவ்வகையிற் பெருமைக்குரியது. மெஸ்மர் என்னும் வைத்தியர், உடலினூடாக ஓடும் கண்ணுக்குத் தெரியாத காந்தப் பாய்மம் ஒன்றினாற் தாம் நோய் தீர்ப்பதாகக் கூறினார். அவரிடம் சென்றோர் வலிப்பு வந்தாற்போல் துடித்தனர். பின்னர்ச் சுகம் பெற்றதாகக் கூறினர். பிரெஞ்சு மன்னன் நியமித்த குழுவிலே பெஞ்சமின் பிராங்கிளினும் இரசாயன அறிஞர் லவோசியரும் இருந்தனர்.

குழுவினர் செய்த சோதனை எளியது. தோட்டத்து மரமொன்றுக்குக் காந்தம் ஏற்றப்பட்டது. பன்னிரண்டு வயதுச் சிறுவன் ஒருவன் கண்கட்டப்பட்டு வேறு நான்கு மரங்களிடம் ஒன்றன்பின் ஒன்றாக அழைத்துச் செல்லப்பட்டான். காந்தம் ஏற்றாத நான்காவது மரத்தடியில் அவன் மயங்கி வீழ்ந்தான். கற்பனை இருப்பின் காந்தமின்றியும் விளைவு தோன்றும். கற்பனை இல்லையேல் காந்தத்தால் விளைவில்லை என்று குழு முடிவு செய்தது. மயக்கம் மெய், காந்தம் பொய். ஒரு கண்கட்டுத் துணியினால் இவ்விரண்டும் பிரிக்கப்பட்டன.

இம்முறை நமது நாட்டுக்கு வந்த கதையைக் கூறுவோர் டாக்டர் ஆபிரகாம் கோவூரை மறத்தலாகாது. கேரளத்திலே 1898 இல் பிறந்து, யாழ்ப்பாணம் மத்திய கல்லூரியிலும் பின்னர்க் கொழும்பு தர்ஸ்டன் கல்லூரியிலும் தாவரவியல் கற்பித்த ஆசிரியர் அவர். ஓய்வு பெற்றபின் பகுத்தறிவுச் சங்கத்துக்குத் தலைமை தாங்கினார். ஏமாற்றுக்கு இடமில்லாத நிலையில் அற்புதம் நிகழ்த்திக் காட்டுவோருக்கு ஓர் இலட்சம் ரூபா தருவதாக 1963 இல் அறைகூவினார். 1978 இல் அவர் மறையும்வரை அப்பணத்தை ஒருவரும் வென்றிலர். பேய் பிடித்ததாகக் கூறப்பட்ட பலரை அவர் மனவசியத்தினாலும் ஆறுதலான உரையாடலினாலும் தேற்றினார். அச்சத்தை வியாபாரமாக்கியோரை எதிர்த்து ஓர் ஆசிரியர் தனித்து நின்று ஆற்றிய பணி அது, நம் நன்றிக்குரியது.

ஆயினும் கோவூர் பயிற்றிய ஆராயும் மனப்பான்மையை அவர் பணியின்மீதும் செலுத்துவதே அவருக்கு நாம் செய்யும் மரியாதையாகும். உடுக்கு ஒலியினால் ஒருத்தி குணமடைந்தமை பேய்க்குச் சான்றாகாது. அவ்வாறாயின், மனவசியத்தினால் ஒருத்தி குணமடைந்தமை மட்டும் மனவசியக் கொள்கைக்கு எவ்வாறு சான்றாகும்? அற்புதங்களை நிராகரிக்க அவரது அறைகூவலே வலிய கருவி. அங்கே சோதனை இருந்தது. சிகிச்சைக் கதைகளிலோ ஒப்பிடுவதற்கு மறுபக்கம் இல்லை. ஒன்றும் செய்யாமலே எத்தனை பேர் தேறியிருப்பர் என்னும் கேள்வி அங்கே எழவில்லை.

* * *

அக்கேள்வியை மேற்கு நாட்டு உளவைத்தியரிடம் முரட்டுத்தனமாக எழுப்பியவர் ஹான்ஸ் ஐசெங்க். 1952 இல் அவர் வெளியிட்ட சிறு கட்டுரை பெரும் புயலைக் கிளப்பிற்று. நரம்புத்தளர்ச்சி நோயாளருள் ஏறத்தாழ மூன்றிலிரு பங்கினர் உளச்சிகிச்சை பெற்றாலும் பெறாவிட்டாலும் இரண்டாண்டளவிலே தேறிவிடுகின்றனர் என்பது அவர் வாதம். அவர் எடுத்துக்கொண்ட கணக்குகள் செம்மையானவையல்ல என்று பலர் மறுத்தனர். ஆனால் ஒப்பீடின்றி வெற்றி கூறலாகாது என்னும் விதி அன்று நிலைபெற்றது. 1977 இல் ஸ்மித், கிளாஸ் என்னும் இருவர் 375 ஆய்வுகளைத் தொகுத்துக் கணக்கிட்டு, சிகிச்சை பெற்ற சராசரி மனிதர் சிகிச்சை பெறாதாருள் நூற்றுக்கு எழுபத்தைந்து பேரிலும் மேலான நிலையில் இருந்தார் என்று கண்டனர். உளச்சிகிச்சை வெறுங்கதையன்று என்பது இதனாற் பெறப்பட்டது. அதே கணக்கு வேறொன்றையும் காட்டியது. தம்முள் ஓயாது சண்டையிட்டுவந்த சிகிச்சைப் பள்ளிகளின் பயன்களுக்கிடையே பெரிய வேறுபாடு இல்லை.

இப்புதிருக்கு அமெரிக்க உளவைத்தியர் ஜெரோம் பிராங்க் 1961 இல் வெளியிட்ட தமது நூலிலே ஒரு விடையை முன்வைத்திருந்தார். பழங்குடிப் பூசாரியையும் நகரத்து உளவைத்தியரையும் அவர் ஒரே தட்டில் வைத்து நோக்கினார். நம்பத்தக்க ஒருவரின் உறவு, குணம் கிடைக்குமென்று எதிர்பார்க்கவைக்கும் இடம், துன்பத்துக்குப் பொருள் கூறும் ஒரு விளக்கம், இருவரும் சேர்ந்து செய்யும் ஒரு செயல்முறை: இந்நான்கும் இருபாலார்க்கும் பொது என்றார். கோடாங்கியின் குறியையும் வைத்தியரின் விளக்கத்தையும் இவ்வகையிலே அருகருகே வைக்கலாம். இரண்டும் சமமான உண்மை என்பது இதன் பொருளன்று. விளக்கம் ஆறுதல் அளிக்க வேண்டுமாயின் அது உண்மையாக இருக்கவேண்டுமென்ற கட்டாயமில்லை என்பதே இதன் பொருள். ஆகவேதான் உண்மையை வேறு வழியிற் தேடவேண்டியிருக்கிறது.

* * *

அவ்வழியிலே இலங்கையிற் செய்யப்பட்ட சில பரிசோதனைகள் உலகுக்கே பாடமாக அமைந்தவை. அவற்றை நம் ஆசிரியருட் பெரும்பாலோர் அறியாதிருத்தல் வருந்தத்தக்கது.

உடலிலே குறை எதுவும் காணப்படாதபோதும் தலைவலி, நெஞ்சுவலி, உடல் எரிவு என்று வைத்தியசாலைக்கு மீண்டும் மீண்டும் வருவோர் உளர். இத்தகையோரிடையே வைத்தியர் அதுல சுமதிபாலவும் அவருடன் சேர்ந்தோரும் 'அறிகை நடத்தைச் சிகிச்சை' எனப்படும் முறையைச் சோதித்தனர். 2000 இல் வெளிவந்த முதற் பரிசோதனை சிறியது. வழக்கமான கவனிப்புடன் ஒப்பிடப் புதிய சிகிச்சை நன்மை தந்தது. பலர் அத்துடன் வெற்றிக் கொடி நாட்டியிருப்பர். இவர்களோ மேலும் கடுமையானதொரு கேள்வியை எழுப்பினர். நன்மை செய்தது அச்சிகிச்சையின் தனி நுட்பமா, வைத்தியர் ஒருவர் நேரம் ஒதுக்கி ஒழுங்காகப் பார்த்ததா? 2008 இல் வெளிவந்த இரண்டாவது பரிசோதனையில் 150 பேர் பங்குபற்றினர். 75 பேருக்கு அறிகை நடத்தைச் சிகிச்சை. ஏனைய 75 பேருக்கு ஒழுங்குபடுத்திய சாதாரணக் கவனிப்பு. இரு பிரிவினரும் தேறினர். அத்தேற்றம் ஓராண்டின் பின்னும் நிலைத்தது. இரண்டுக்குமிடையே வேறுபாடு காணப்படவில்லை. தம் வெற்றியைத் தாமே சோதனைக்கு உட்படுத்தி, வேறுபாடில்லை என்ற முடிவையும் மறைக்காது வெளியிட்ட இச்செயலிலே விஞ்ஞானத்தின் ஒழுக்கம் முழுவதும் அடங்கியிருக்கிறது.

மற்றொன்று பாடசாலைகளை நேரே தொடுவது. போரினாற் பாதிக்கப்பட்ட வட இலங்கையிலே, 9 முதல் 12 வயது வரையிலான 399 சிறுவரிடையே நடத்தப்பெற்ற பரிசோதனையின் முடிவு 2012 இல் வெளிவந்தது. ஒரு பகுதியினருக்கு ஐந்து வாரங்களிற் பதினைந்து அமர்வுகள். மற்றப் பகுதியினர் காத்திருந்தனர். அதிர்ச்சி, சோர்வு, பதற்றம் ஆகிய முதன்மை அளவைகளிலே முழுக் கூட்டத்தையும் சேர்த்து நோக்குமிடத்துப் பயன் தென்படவில்லை. தீய நடத்தை குறைந்தது. ஆண்பிள்ளைகள் சில அறிகுறிகளில் நன்மை பெற்றனர். ஆனால் பெண்பிள்ளைகளுள், அதிர்ச்சி அறிகுறிகளைப் பொறுத்தவரை, அமர்வுகளில் இருந்தோரைவிடக் காத்திருந்தோரே கூடுதலாகத் தேறினர்! நல்லெண்ணத்தோடு செய்வது நன்மையாகவே முடியும் என்று நம்பும் நம்மனோர் இதனைப் பலமுறை படித்தல் வேண்டும். காத்திருந்த பிரிவொன்று இல்லாதிருப்பின், தேறிய சிறுமியர் யாவரையும் சிகிச்சையின் வெற்றியென்றே கணக்கிட்டிருப்போம்.

இவற்றைக் கொண்டு எல்லாம் வீண் என்று கைகழுவுதலும் தவறு. தற்கொலைக்கு முயன்று வைத்தியசாலைக்கு வந்த 1,867 பேரிடையே உலக சுகாதார நிறுவனம் கொழும்பும் சென்னையும் உட்பட ஐந்து நகர்களில் நடத்திய ஆய்வின் முடிவு 2008 இல் வெளிவந்தது. ஒரு பிரிவினருக்கு வழக்கமான கவனிப்பு. மற்றப் பிரிவினருக்கு அதனுடன் ஒருமணிநேர உரையாடலும், பதினெட்டு மாதங்களில் ஒன்பது முறை விசாரித்தலும். முதற் பிரிவிலே தற்கொலையால் இறந்தோர் நூற்றுக்கு 2.2, இரண்டாவதில் 0.2. மறவாது மீண்டும் சென்று 'எப்படியிருக்கிறாய்?' என்று கேட்டதற்கு இத்துணை வலிமை! அவ்வலிமை நமக்குத் தெரியவந்ததும் ஒப்பீட்டினாலேயே.

* * *

இனி, விஞ்ஞானத்தின் பெயரால் நம்மை இணங்கச் செய்யும் கலையைப் பற்றியும் சில கூறல் வேண்டும். முற்காலத்து மந்திரவாதி விளங்காத மொழியிலே மந்திரம் ஓதினான். இக்காலத்து மந்திரம் எது? 2008 இல் டீனா வைஸ்பர்க் என்பாரும் பிறரும் ஒரு சோதனை செய்தனர். உளவியல் நிகழ்ச்சிகளுக்கு நல்ல விளக்கங்களையும் போலி விளக்கங்களையும் எழுதி, சிலவற்றிலே பொருளுக்குச் சற்றும் தொடர்பற்ற மூளைச் செய்திகளைச் சேர்த்தனர். மூளை என்ற சொல் வந்ததும் போலி விளக்கம் பொதுமக்களுக்கு மெய்போலத் தோன்றிற்று. அத்துறையைக் கற்கத் தொடங்கிய மாணவரும் ஏமாந்தனர். நிபுணர் மட்டுமே தப்பினர். அரைகுறைப் படிப்பு காவலாகாது என்னும் இம்முடிவு, கற்பிக்கும் தொழிலில் உள்ள நம்மைச் சிந்திக்க வைப்பதாகும்.

மறைத்தலும் ஒருவகை இணங்கச் செய்தலே. சோர்வுநோய் மருந்துகள் பற்றி அமெரிக்க அரசிடம் பதிவாகியிருந்த 74 பரிசோதனைகளின் கதி 2008 இல் ஆராயப்பட்டது. சாதகமான முடிவு தந்தவை 38; அவற்றுள் 37 வெளியிடப்பட்டன. ஏனைய 36 இல் 22 அச்சேறவேயில்லை. 11 சாதகமானவைபோற் தோற்றுமாறு எழுதப்பட்டன. இலாபத்துக்காக இயங்கும் கம்பனிகளின் இயல்பு இது என்று கூறி அமைதல் கூடாது. உளச்சிகிச்சை ஆய்வுகளிலும், அமெரிக்க அரசின் பொதுப்பணம் பெற்ற 55 ஆய்வுகளுள் 13 வெளிவரவில்லை என்று 2015 இல் தெரியவந்தது. குணமடைந்தோரை மட்டும் ஊருக்குக் காட்டும் பூசாரியின் வழக்கம் வெள்ளை அங்கி அணிந்தோரிடமும் உண்டு.

ஐசெங்கின் பிற்கால வரலாறே இதற்குத் தலையாய உதாரணம். சான்று எங்கே என்று உலகைக் கேட்ட அவர், மனிதரின் குணவியல்புக்கும் புற்றுநோய், இருதயநோய் மரணங்களுக்கும் தொடர்புண்டெனக் காட்டக் குரொசாத்-மாற்றிசெக் என்பவரோடு சேர்ந்து வெளியிட்ட 26 கட்டுரைகள் நம்பத்தகாதவை என்று, அவர் பணியாற்றிய நிறுவனத்தைச் சேர்ந்த லண்டன் கிங்ஸ் கல்லூரியின் விசாரணைக் குழு 2019 இல் முடிவு செய்தது. ஆளை நம்பாதே, சோதனையை நம்பு என்னும் விதிக்கு விதியை வகுத்தவரும் விலக்கல்லர்.

* * *

தனிமனிதனின் உள்ளத்தைத் தேற்றுவதனாலேயே துன்பம் யாவும் நீங்குமா? இங்கேதான் சமுதாய நோக்கு இன்றியமையாததாகிறது. 1995 அளவில் இலங்கையின் தற்கொலை விகிதம் இலட்சம் பேருக்கு ஏறத்தாழ 47 ஆக, உலகிலே மிக உயர்ந்தவற்றுள் ஒன்றாய் இருந்தது. அவ்வாண்டளவில் மிகக் கொடிய பீடைகொல்லிகள் தடைசெய்யப்பட்டன. 1998 இல் எண்டோசல்பானும் தடைசெய்யப்பட்டது. 2005 அளவில் அவ்விகிதம் ஏறத்தாழ அரைவாசியாகக் குறைந்தது. வேலையின்மை, மது, போர் முதலியவற்றின் ஏற்றவிறக்கம் இவ்வீழ்ச்சியை விளக்கவில்லை. மக்களின் துயரம் அரைவாசியாகவில்லை. துயரம் மிகுந்த ஒரு கணத்திலே கைக்கெட்டும் நஞ்சு குறைந்தது. ஓர் அரசாணை பல்லாயிரம் உயிர்களைக் காத்தது.

நஞ்சைத் தடைசெய்யாது, வீட்டிலே பூட்டுப் போட்ட பெட்டிக்குள் வைத்தாற் போதாதா என்ற யோசனையும் எழுந்தது. கேட்பதற்கு நியாயமானதே. பேராதனை நச்சியல் ஆய்வுக் குழுவினரும் பங்கேற்க, அனுராதபுர மாவட்டத்தின் 180 கிராமங்களில் அது சோதிக்கப்பட்டது. 2017 இல் வெளிவந்த முடிவின்படி பெட்டி பெற்ற கிராமங்களுக்கும் பெறாதவற்றுக்கும் வேறுபாடில்லை. நியாயமாகத் தோன்றுவது வேறு. பயன் தருவது வேறு. வறுமை ஒழிந்தால் மனநோய் தானே ஒழியும் என்று மேடையில் முழங்கும் முற்போக்காளராகிய நாமும் இப்பாடத்துக்கு உட்பட்டவரே. வறுமை ஒழியும்வரை காத்திராமலே காக்கக்கூடிய உயிர்கள் உள.

அதே வேளை, துயரம் யாவற்றுக்கும் நோய்ப் பெயர் சூட்டுதலும் அநீதி. பேராதனையிற் கற்பித்து, பின்னர் அமெரிக்கப் பல்கலைக்கழகங்களிற் பணியாற்றி, 2025 இல் மறைந்த மானிடவியலறிஞர் கணநாத் ஒபேசேகர, 1985 இல் எழுதிய கட்டுரையிலே கேட்ட கேள்வி இன்றும் கூரியது. உலக வாழ்வு துக்கமயம் என்று ஒருவர் கூறினால் மேற்குநாட்டு வைத்தியர் அவரைச் சோர்வுநோயாளர் என்பார். இலங்கையிலோ அவர் நல்ல பௌத்தராகவே கருதப்படலாம். துயரம் எப்போது நோயாகிறது என்பதை அம்மனிதர் வாழும் வாழ்வுக்குள் நின்றே தீர்மானிக்க வேண்டும். 1948 ஆம் ஆண்டுச் சட்டத்தாற் குடியுரிமை இழந்து, 1964 ஆம் ஆண்டு ஒப்பந்தத்தினால் உடன்பிறந்தாரைப் பிரிந்த மலையகத் தமிழனின் துயரத்துக்கு வைத்தியப் பெயர் ஒன்றை மட்டும் சூட்டி, அச்சட்டத்தையும் ஒப்பந்தத்தையும் பேசாது விடுவது சிகிச்சையாகாது. நோயின் மூலத்தை மீறப்பட்ட வாக்கிலே தேடிய குவேனியின் கதை, மருத்துவமாகப் பிழைத்தாலும் ஒரு சமுதாய உண்மையைத் தொட்டுச் சென்றிருக்கிறது.

ஆதலின் எச்சிகிச்சையைப் பற்றியும் நாமும் நம் மாணவரும் கேட்கவேண்டிய கேள்விகள் மூன்று. குணமடைந்தவரோடு ஒப்பிடப்பட்டவர் யார்? குணமடையாதோரின் கணக்கு எங்கே? சிகிச்சைக்குக் கூறப்படும் காரணம், சிகிச்சையின் பயனிலிருந்து வேறாகச் சோதிக்கப்பட்டதா? கோடாங்கியிடமும், சான்றிதழ் மாட்டிய ஆலோசகரிடமும், பாடசாலைக்குப் புதுத் திட்டம் கொண்டுவரும் அதிகாரியிடமும் இம்மூன்றையும் பணிவோடும் அஞ்சாமலும் கேட்கப் பழகுதல் வேண்டும். விடை வரும்வரை வகுப்பறையிலே நாம் செய்யக்கூடியது ஒன்றுண்டு. சோர்ந்திருக்கும் பிள்ளையின் சொல்லை நேரம் ஒதுக்கிக் கேட்பதும், அடுத்த வாரம் மறவாது மீண்டும் விசாரிப்பதும், நம்மால் இயலாதபோது தகுந்த வைத்தியரிடம் அனுப்புவதுமே அது. இதற்குப் பேயும் வேண்டா. மூளைப் படமும் வேண்டா.